நாலாம் நம்பர் வேனின் நிழல்கள்

ஏறியது இருபத்திரண்டு பிள்ளைகளும் இருபத்திரண்டு நிழல்களும். இறங்கியது பிள்ளைகள் மட்டும்தான். அதை முதலில் கண்டுபிடித்தவர் பி.டி. மாஸ்டர். காலை எட்டே முக்கால் வெயிலில், பள்ளிக்கூட மைதானத்தில் முந்நூறு பிள்ளைகள் வரிசையில் நிற்க, முந்நூறு நிழல்களும் மேற்கே பார்த்து நீட்டிப் படுத்திருக்க வேண்டிய இடத்தில், நாலாம் நம்பர் வேன் பிள்ளைகள் நின்ற தரை மட்டும் மொட்டையாக, இப்போதுதான் பெருக்கிவிட்ட மாதிரி வெளுத்துக் கிடந்தது.

மாஸ்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"நாலாம் நம்பர் வேன் எல்லாம் வெளிய வா. டை இல்லாம வந்தா முட்டி போடணும். ஷூ இல்லாம வந்தா முட்டி போடணும். இது இல்லாம வந்தா?"

அதற்கு என்ன தண்டனை என்று அவருக்கே தெரியவில்லை. தெரியாததால் முட்டி போடச் சொன்னார். போட்டார்கள். முட்டிக்கு அடியிலும் ஒன்றும் இல்லை.

கேட்டுக்கு வெளியே வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்ற டிரைவர் கொம்பையா இதைப் பார்த்தான். வரிசையில் மூன்றாவதாக முட்டி போட்டிருந்தது அவன் மகள் முகிலா, ஐந்தாம் வகுப்பு. அவன் குனிந்து தன் காலடியைப் பார்த்தான். அவனுடைய நிழல் இருந்தது, கையில் துணியோடு, முன்னால் தள்ளிய வயிற்றோடு, ஒன்றுமே நடக்காத மாதிரி. அவன் துணியை மடக்கிக் கக்கத்தில் வைத்தான், நிழலும் வைத்தது. மற்ற நிழல்கள் எங்கே இறங்கின என்று அவனுக்குத் தெரியும். அவன் பார்த்துக்கொண்டேதான் வந்தான்.

ஏழு ஐம்பதுக்கு நடந்தது அது. பெத்தனாம்பட்டி விலக்கு தாண்டினால் பதினாலு கிலோமீட்டருக்கு நாலுவழிச்சாலை. ரோட்டை அகலப்படுத்தியபோது புளியமரம் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டதால், இரண்டு பக்கமும் கரிசல் காடும் காற்றாலையும்தான், ஊர்க்காரர்கள் அதைக் காத்தாடிக் காடு என்பார்கள். அங்கே நடு ரோட்டில் பிளாஸ்டிக் குடம் விற்கிற ஒருத்தரின் மொபெட் டயர் வெடித்து, கயிறு அறுந்து, நாற்பது குடமும், சிவப்பும் பச்சையும் மஞ்சளும் நீலமுமாக, நாலு வழியிலும் உருண்டுகொண்டிருந்தது. அவர் ஒரு கையால் மொபெட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையைத் தூக்கி வருகிற வண்டிக்கெல்லாம் காட்டினார். வருகிற வண்டியெல்லாம் குடத்துக்கு வளைந்து கொடுத்தது, கைக்கு நிற்கவில்லை.

முகிலா முன்சீட்டில் இருந்தாள். "யப்பா, நிப்பாட்டுப்பா."

"பேசாம இருட்டி. பெல் அடிச்சிரும்."

பெல் என்றால், வேனுக்குள் டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. நிறுத்தம் இல்லாத இடத்தில் வண்டி ஒரு நிமிஷத்துக்கு மேல் நின்றால் பள்ளிக்கூட ஆபீசில் மணி அடிக்கும், அடித்த மறு நொடி போன் வரும். பஞ்சர் ஆனது போல நடித்து வண்டியை மறித்துப் பிள்ளைகளைத் தூக்குகிற கும்பல் ஒன்று ரோட்டில் அலைகிறது என்று ஒரு வாட்ஸ்அப் ஆடியோ சுற்றியதிலிருந்து இந்த ஏற்பாடு. அந்தக் கும்பலைப் பார்த்தவர் எவரும் இல்லை. அந்த ஆடியோவைக் கேட்காதவரும் எவரும் இல்லை.

"நேத்து எழுதுனோம்லா?" என்றாள் முகிலா. "நீதான கையெழுத்துப் போட்ட."

வாஸ்தவம். புதன்கிழமை நாலாவது பீரியடு நீதிபோதனை. 'வழியில் தவிப்பவருக்கு நின்று உதவுவேன்' என்று பத்துத் தடவை எழுதி, பெற்றோர் கையொப்பம் வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள். பத்தாவது வரிக்குக் கீழே 'கொ' என்று சுழித்து அவன்தான் போட்டிருந்தான்.

அவன் கால் பிரேக்குக்குப் போனது. போகவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது, போனது. போய் அதன் மேல் உட்கார்ந்துவிட்டு, எழுந்து பக்கத்து மிதிக்கு மாறிவிட்டது. முன் சக்கரத்தில் ஒரு சிவப்புக் குடம் மாட்டி டப் என்று உடைந்தது. அந்தச் சத்தத்துக்குத்தான் நிழல்கள் இறங்கின. சன்னல் வழியாகவும் கதவிடுக்கு வழியாகவும், சிந்திய டீ மாதிரி வழிந்து, ரோட்டில் விழுந்து, எழுந்து, ரெட்டைச் சடை நிழலும் மொட்டைத்தலை நிழலும் தண்ணீர் பாட்டில் மாட்டிய நிழலுமாக இருபத்திரண்டும் குடங்களுக்குப் பின்னால் ஓடின. கொம்பையா சைடு கண்ணாடியில் பார்த்தான். வேன் ஆயா சந்தனமாரியும் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

"என்ன அண்ணே, இறங்கிப் போகுது?"

"பாத்துட்டேன்."

"சரி, போயிட்டு வரட்டும். நிழலுதான."

வரவில்லை.

அதற்கப்புறம் ரோட்டில் என்ன நடந்தது என்று குடக்காரர் ஜமால் பாய் எல்லா டீக்கடையிலும் சொன்னார். நிழல்கள் குடத்தை எட்டிப் பிடித்தன, ஆனால் தூக்க முடியவில்லை. கை குடத்தின் மேல் படிந்ததே தவிரப் பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியும் இப்படியும் ஓடிப் பார்த்துவிட்டு, நிழலால் ஆகிற ஒரே காரியம் எதுவோ அதைச் செய்தன. அவரைச் சுற்றி வந்து நெருக்கிப் படுத்துக்கொண்டன. பதினாலு கிலோமீட்டரில் அந்த ஓரிடத்தில் மட்டும் ஒரு பாய் அளவுக்குக் குளிர்ச்சி விழுந்தது. "அந்த நிழல்ல உக்காந்துதான் பஞ்சர் ஒட்டுனேன்" என்றார் ஜமால் பாய். "புளியமரம் தோத்துது போங்க. ஆனா குடம் பொறுக்க ஒரு பய நிக்கல."

மறுநாளே பெற்றோர் கூட்டம். தாளாளர் வரதராஜுலு மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு நிதானமாகப் பேசினார். "அட்மிஷன் பாரத்தை நல்லாப் படிச்சுப் பாருங்க. பிள்ளைக்குத்தான் நிர்வாகம் பொறுப்பு. நிழலுக்குப் பொறுப்புன்னு எங்கயும் போடல."

"அப்பம் நிழல வீட்லயே விட்டுட்டுப் பிள்ளைய மட்டும் அனுப்புங்கன்னு மொதல்லயே சொல்லிருக்கலாம்லா?" என்று பின்வரிசையில் ஒரு அம்மா கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, சரி, இனி என்ன என்று எழுந்து போனார்கள். இதுதான் அந்த ஊர். ஒரு கிணறு ஒரே ராத்திரியில் வற்றினாலும் மறுநாள் காலை அதில் குப்பை கொட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

நிழல் போனதால் பிள்ளைகளுக்கு வந்த கேடு சூடு. ஒரு ஆள் மேல் விழுகிற வெயிலில் பாதி உடம்பில் தங்கும், பாதி நிழலாகத் தரையில் இறங்கிவிடும். இந்த இருபத்திரண்டு பேருக்கும் இறங்க வழியில்லாத வெயில் உள்ளேயே தங்கியது. பங்குனி முதல் வாரத்தில் தெர்மாமீட்டர் நூறு காட்டியது, மூன்றாம் வாரத்தில் நூற்றிரண்டு. காய்ச்சல் இல்லை, சளி இல்லை, சோறு நன்றாகத்தான் இறங்கியது, வெறும் சூடு. ஊர் அதையும் பழகிக்கொண்டது. பிள்ளை பக்கத்தில் பால் சட்டியை வைத்தால் ஒரு மணி நேரத்தில் தயிர் உறைந்தது, மாவு பொங்கியது, பூனைகள் பள்ளிக்கூடம் வரைக்கும் பின்னால் வந்தன, சந்தனமாரி தன் டிபன் பாக்ஸை ஒன்றாம் வகுப்புப் பையன் மடியில் வைத்துச் சூடாக்கிச் சாப்பிட்டாள். வெயிலா நிழலா விளையாட்டில் மற்ற பிள்ளைகள் இவர்களைச் சேர்க்கவில்லை. ஒளிந்து பிடிக்கும் விளையாட்டில் இவர்களே ஜெயித்தார்கள், காட்டிக்கொடுக்க நிழல் இல்லையே. ஒருத்தியின் பெரியம்மா இப்போதே கவலைப்பட்டாள், நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தால் சாயங்காலம் லைட் போட்ட பிறகு வரச் சொல்லலாமா என்று.

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. முகிலாவின் நெற்றியில் கை வைத்துவிட்டு உடனே எடுத்தார். "இப்பம் தாங்குது. கத்திரி வெயில் ஆரம்பிச்சா தாங்காது. அதுக்குள்ள எங்க விட்டீங்களோ அங்க போயி வாங்கிட்டு வாங்க."

போனார்கள். அப்பாமார்கள் சாக்கும் மீன் வலையும் எடுத்துக்கொண்டு போனார்கள், ஒருத்தர் துடைப்பமும் முறமும் கொண்டு போய் நிழலை வாரப் பார்த்தார். வலைக்குள் அடங்குகிற சாமானா அது? கொம்பையாவின் மனைவி ஆவுடை தனியாகப் போனாள். மகளின் ரெட்டைச் சடை நிழலைக் கண்டுபிடித்து, ரோட்டோரம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏட்டி, வீட்டுக்கு வா, புளிச்சோறு கிண்டி வச்சிருக்கேன்" என்றாள். அது அவள் மடியில் வந்து படுத்தது. கனமே இல்லை. குளிர்ச்சியாக இருந்தது. பாதிப் பாட்டு பாடியிருப்பாள், அதற்குள் எங்கோ ஒரு கார் இருமி நின்ற சத்தம் கேட்டு எழுந்து ஓடிவிட்டது.

வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை. கொம்பையாவின் காலடியையே பார்த்தாள்.

"ஒங்க நிழலு மட்டும் ஏன் இறங்கல?"

"நான் டிரைவர்லா. சீட்ட விட்டு இறங்கக் கூடாதுன்னு ஆர்டரு."

"அது ஒங்களுக்குச் சொன்னது. நிழலுக்குமா சொன்னாவ?"

அன்றைக்கு முழுக்க அவன் வெயிலில் நிற்கவே இல்லை, சுவரோரமாகவே நடந்தான்.

லாரிக்காரர்கள் வழியாகச் செய்தி பரவியது. பழுதாகிறதென்றால் காத்தாடிக் காட்டில் பழுதாகணும், அங்கேதான் நிழல் வரும் என்றார்கள். இன்ஜின் சூடான கார்கள் அடுத்த கிலோமீட்டர் அடுத்த கிலோமீட்டர் என்று உருட்டிக்கொண்டு அங்கே வந்து நின்றன. சாம்பார்சாதம் கட்டிக்கொண்டு வந்த குடும்பங்கள் பிள்ளைகளின் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், சிலர் பிஸ்கட் வைத்துவிட்டுப் போனார்கள், நிழல் அதைத் தின்னாது என்றுகூடத் தெரியாமல். இதனால் ஒரு காரியம் நன்றாக நடந்தது: முன்பு பத்து வண்டியில் ஒன்றாவது நிற்கும், இப்போது அதுவும் நிற்கவில்லை. அதான் நிழல் இருக்கே, நாம வேற எதுக்கு என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஜாக்கி இல்லாதவன் ஜாக்கி இல்லாமலும், தண்ணீர் இல்லாதவன் தண்ணீர் இல்லாமலும், குளுகுளுவென்று நிழலில் கிடந்தான்.

கடைசியில் கோடாங்கியைக் கூப்பிட்டார்கள். அவர் உடுக்கை அடித்து, கொட்டாவி விட்டு, மூன்றே வாக்கியம் சொன்னார். "அதுக காணாமப் போகல, வேலைக்குப் போயிருக்கு. கை இல்லாம நிக்குது. கைய அனுப்புங்க."

இதற்குத் தாளாளர் பண்ணிய அர்த்தம்தான் அந்த ஊரில் மட்டும் நடக்கக்கூடிய காரியம். சித்திரை பிறந்த மறு வாரம், கருணை நாள் என்று ஒரு பேனர் அடித்தார். காத்தாடிக் காட்டில் தன் சொந்த வெள்ளைக் காரைக் கொண்டுபோய் நிறுத்தி, பானெட்டைத் திறந்துவைத்து, பக்கத்தில் நெற்றியைத் துடைத்தபடி நின்றார். போட்டோகிராபர் நின்றார். நாலாம் நம்பர் வேன் அங்கே நிற்பதற்கு மட்டும் அன்றைக்கு மணி அடிக்காதபடி ஆபீசில் சொல்லிவைத்திருந்தார். பிள்ளைகள் இறங்கினார்கள், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள், சொல்லிக்கொடுத்தபடி ஒரே குரலில் கேட்டார்கள்.

"ஐயா, தங்களுக்கு நாங்கள் உதவலாமா?"

"நன்றி குழந்தைகளே! வண்டி சரியாகிவிட்டது!"

பானெட் மூடப்பட்டது. கைதட்டல். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ஒரு நிழலும் வரவில்லை. வராததற்குக் காரணம் தெரிந்துகொள்ள ரொம்ப தூரம் பார்க்க வேண்டியதில்லை; இருநூறு அடி தள்ளி, ஸ்கூட்டருக்குப் பின்னால் தையல் மெஷினைக் கட்டிவந்த ஒரு அம்மா, கயிறு சக்கரத்தில் சிக்கி வண்டி சாய்ந்து, மெஷினைத் தூக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் நின்றாள். இருபத்திரண்டு நிழல்களும் அவளைச் சுற்றித்தான் கிடந்தன.

"யப்பா, அங்கன நெசமாவே ஒருத்தவங்க நிக்காங்க" என்றாள் முகிலா.

கொம்பையா தாளாளரைப் பார்த்தான். தாளாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அது புரோகிராம்ல இல்லப்பா. ஏத்து ஏத்து, ரிவிஷன் டெஸ்ட் இருக்கு."

ஏற்றினான். அந்த அம்மாவைக் கடக்கும்போது சந்தனமாரியின் நிழல் வேனிலிருந்து இறங்கியது. பின்னால் பைக்கில் வந்த போட்டோகிராபரின் நிழல், கேமரா நிழலோடு சேர்த்து, இறங்கியது. "என்னடா இது, எனக்குமா!" என்று சந்தனமாரி சேலையை உதறிப் பார்த்தாள். தாளாளரின் நிழல் இறங்கவில்லை. காருக்குள் ஏசியில் அவர் காலடியில் பத்திரமாகச் சுருண்டிருந்தது. கொம்பையாவின் நிழலும் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ரோட்டையே பார்த்துக்கொண்டு, அது நல்ல பிள்ளையாக வந்தது.

"யப்பா" என்றாள் முகிலா, "நாளைக்காவது நிப்பாட்டுவியா?"

"கேட்டுக் கேட்டு உயிர எடுக்காதட்டி! நான் ஓட்டணும். நீ படிக்கணும். ரோட்ட ரோட்டுல போறவன் பாத்துக்கிடுவான்."

அவள் அதற்கப்புறம் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை, அடுத்த வாரம் முழுக்கக் கேட்கவில்லை. பதினாலு கிலோமீட்டரும் மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, உதடு வெடித்து, கண் சிவந்து, நூற்றுமூன்று சூட்டில் அடுப்புக்கட்டி மாதிரி உட்கார்ந்து வந்தாள்.

கடைசிப் பரீட்சைக்கு முந்தின சாயங்காலம் ஒரு கோடை மழை பெய்து விட்டிருந்தது. கரிசல் மண்ணைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத் தெரியும், காய்ந்தால் பாறை, நனைந்தால் பசை. பரீட்சை அன்றைக்குக் காலையில், காத்தாடிக் காட்டில் ரோட்டை விட்டு இறங்கிய, குட்டியானை என்கிற ஒரு சின்ன லோடு வண்டி, பின்சக்கரம் அச்சு வரைக்கும் புதைந்து, ஒருக்களித்து நின்றது. பின்னால் தவிலும் நாயனமும் உறுமியுமாகக் கட்டிவைத்திருந்தது. கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போகிற நையாண்டி மேளக்காரர்கள் ஆறு பேர், ஜரிகைச் சட்டையைக் கழற்றி வண்டி மேல் போட்டுவிட்டு, முட்டளவு சேற்றில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். தள்ளத் தள்ளச் சக்கரம் சுற்றியது, சேறு தெறித்தது, வண்டி நகரவில்லை. சுற்றிலும் நிழல்கள், சக்கரத்தின் மேலும் ஆட்களின் முதுகின் மேலும் குவிந்து, கை இல்லாத கைகளால் தள்ளிக்கொண்டிருந்தன. ஒரு ஆள் ரோட்டுக்கு ஏறி இரண்டு கையையும் தூக்கினான்.

கொம்பையா காதைத் தயாராக வைத்துக்கொண்டான், முகிலா கேட்பாள் என்று. அவள் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தை அந்தப் பக்கத்துச் சன்னலுக்குத் திருப்பிவிட்டு, ஒன்றுமே இல்லாத வெறும் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய மனுஷி மாதிரி. அவனை மாதிரியே. பத்துத் தடவை எழுதி வராத பாடம், ஒன்றரை மாதம் அவன் ஓட்டிக் காட்டியதில் சுத்தமாக வந்துவிட்டது.

அவன் பிரேக்கை மிதித்த மிதியில் பின்சீட்டில் சந்தனமாரியின் டிபன் பாக்ஸ் பறந்தது.

"என்ன அண்ணே, நாயா?"

"நாயில்ல. நாந்தான்."

கதவைத் திறந்து காலைக் கீழே வைத்தான். அவன் காலுக்கு முன்னால் அவன் நிழல் இறங்கி, சேற்றில் முழங்கால் வரை போய் நின்றிருந்தது, எத்தனை நாள் காத்திருந்ததோ.

"இறங்கு எல்லாரும்! ஷூவக் கழத்திட்டு இறங்கு!"

"அண்ணே, பெல்லு..."

"அடிக்கட்டும்."

அடித்தது. அதாவது ஆபீசில் அடித்திருக்கும். இங்கே அவன் சட்டைப்பையில் போன் அலறியது. எடுத்து ஆன் பண்ணியதும், காதில் வைக்காமலே தாளாளரின் குரல் கேட்டது. "எடு வண்டிய! கதவப் பூட்டு! பிள்ளைய இறக்காத!" அதைத் திரும்பப் பைக்குள் போட்டுக் கத்தவிட்டு, ஒன்றாம் வகுப்புப் பையனைத் தூக்கி இறக்கிவிட்டான். அடுத்தவனை இறக்கினான். முகிலா சீட்டிலேயே இருந்தாள்.

"வாட்டி."

"பரீட்சை இருக்கு."

"இருக்கட்டும்டி. நாந்தான தப்பாச் சொன்னேன், இப்பம் சரியாச் சொல்லுதேன். வா."

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அதில் மன்னிப்பெல்லாம் இல்லை. ஷூவைக் கழற்றினாள்.

மேளக்காரர்களில் மூத்தவர் தலையில் கை வைத்தார். "ஏ அய்யா, ஆள் கூப்பிட்டா நர்சரிய எறக்குதீரே! இந்தச் சுண்டு வெரலுகள வச்சு என்ன செய்ய?"

"கைய வைக்கட்டும், பாருங்க" என்றான் கொம்பையா.

வைத்தார்கள். இருபத்திரண்டு பிள்ளைகள், நாற்பத்துநாலு கைகள், ஒன்றரை மாத வெயில். சேற்றில் கை பட்ட இடத்தில் சுர்ரென்று ஆவி பறந்தது. சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் கரிசல் வெளுத்தது, இறுகியது, வெடிப்பு விட்டது, சட்டியில் காய்ந்த மாவு மாதிரி ஓரம் தூக்கிக்கொண்டது. உள்ளே அடைந்து கிடந்த சூடெல்லாம் விரல் வழியாக இறங்க இறங்கப் பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள், வலியில் இல்லை, காலில் மாட்டிய முள் வெளியே வரும்போது வருமே அந்தச் சத்தம். "தள்ளு! தள்ளு! தள்ளு!" என்று கொம்பையா கத்தினான், சந்தனமாரி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தோளைக் கொடுத்தாள், ஆறு மேளக்காரர்களும் கொடுத்தார்கள், காய்ந்த மண்ணைச் சக்கரம் பிடித்தது, பிடித்த சக்கரம் உறுமியது, குட்டியானை ஒரு குதி குதித்து ரோட்டில் ஏறியது. ரெட்டைச் சடை நிழல் வந்து முகிலாவின் காலடியில் ஒட்டியதை அவள் பார்க்கவில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, வண்டி போன பிறகும் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

கொம்பையா அவள் நெற்றியில் கை வைத்தான். வெதுவெதுப்பாக இருந்தது. பிள்ளை நெற்றி எப்படி இருக்குமோ அப்படி.

மூத்தவர் தவிலை இறக்கித் தோளில் மாட்டினார். ரோட்டோரம் நின்று ஐந்து நிமிஷம் அடித்தார்கள், பிள்ளைகள் சேறும் சட்டையுமாக ஆடினார்கள், இருபத்திரண்டு நிழல்களும் அடியில் ஆடின, சந்தனமாரி ஆடவில்லை, தன் நிழலைக் குனிந்து குனிந்து எண்ணிப் பார்த்தாள், ஒன்றுதான், ஆனாலும் எண்ணினாள். சட்டைப்பைக்குள் போன் பதினேழு தடவை அடித்து ஓய்ந்தது.

பரீட்சைக்கு நாற்பது நிமிஷம் தாமதம். முட்டி வரைக்கும் கரிசல் அப்பிய இருபத்திரண்டு பேர் மைதானத்தைக் கடந்தபோது பி.டி. மாஸ்டர் விசிலை வாயில் வைத்தார், தரையைப் பார்த்தார், எடுத்துப் பைக்குள் போட்டார். "ஓடுங்கலே, கேள்வித்தாள் குடுத்தாச்சு."

கொம்பையாவைத் தாளாளர் அறைக்குள் கூப்பிட்டார்கள். மேசை மேல் ஒரு நோட்டு திறந்திருந்தது. வண்டி நின்ற இடம், நின்ற நேரம், காரணம் என்று கட்டம் போட்ட நோட்டு. முதல் இரண்டு கட்டத்தையும் கிளார்க் நிரப்பிவிட்டார்.

தாளாளர் கத்தவில்லை. தண்ணீர் கிளாஸை அவன் பக்கம் நகர்த்தினார். "நிழல் வந்துருச்சு, கேள்விப்பட்டேன். சந்தோஷம். எனக்கு உன்ன வெளிய அனுப்ப ஆசையில்ல, கொம்பையா. ஆனா ரூல்னு ஒண்ணு இருக்கு. சொந்த வண்டி பழுதானா நிக்கலாம், ரூல்ல எடமிருக்கு. காரணத்துல பழுதுன்னு ஒரு வார்த்தை எழுதிரு. நீயும் தப்பிச்சே, நானும் தப்பிச்சேன்."

"வண்டி நல்லாத்தான சார் இருக்கு."

"எனக்குத் தெரியாதா? எழுதுப்பா."

"இதுக்கு முன்ன ஒன்றரை மாசமா நிக்காமப் போனேம்லா, அப்பந்தான் சார் பழுது. அத எழுதவா?"

தாளாளர் கண்ணாடியைக் கழற்றினார். "கிண்டலா? பழுதுன்னு எழுது. இல்லன்னா சாவிய மேசை மேல வச்சுட்டுப் போ. ரெண்டுல ஒண்ணு."

பேனா அவன் கையில் இருந்தது. சன்னல் வழியாக விழுந்த வெயிலில் அவன் நிழல் அவனுக்கு முன்னாலேயே நோட்டின் மேல் குனிந்திருந்தது. காரணம் என்ற கட்டத்தில் அவன் எழுதினான், கையெழுத்து மாதிரி இல்லாமல், பிள்ளைகள் நோட்டில் எழுதுவது போல எழுத்தெழுத்தாக: 'மேளக்காரர்கள் மாட்டிக்கொண்டார்கள். நின்றோம்.' அடியில் 'கொ' என்று சுழித்தான்.

"சாவி" என்றார் தாளாளர், மேசையை விரலால் தட்டி.

மணி பன்னிரண்டு ஆகவில்லை. மூன்று நாற்பதுக்கு மணி அடித்தால் இருபத்திரண்டு பிள்ளைகளும் அவர்கள் நிழல்களும் வேனடியில் வந்து நிற்பார்கள், பதினாலு கிலோமீட்டர் போகணும், ரோட்டில் எவனாவது கையைத் தூக்கிக்கொண்டு நிற்பான். கொம்பையா சாவியை மேசை மேல் வைக்கவில்லை.